ஜெர்மன் பேரரசு, 1871–1918: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் 'ஜெர்மனி ஒருங்கிணைப்பு' ஒரு நெடுவினா. மூன்று போர்கள், இரத்தமும் இரும்பும், எம்ஸ் தந்தி, வெர்சாய் அரண்மனை என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். அந்த விடையில் எல்லாம் இருக்கும். பேரம் மட்டும் இருக்காது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள், யார் எழுதித் தந்த கடிதத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தோண்டிப் பார்த்தால்தான் இந்தப் பேரரசின் சுபாவம் புரியும். அதனால் இங்கே போர்க்களங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து, பேரம் நடந்த அறைகளில் அதிக நேரம் உட்காரப் போகிறோம்.

1871க்கு முன்னால் ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாதா?

நாடு கிடையாது. மொழி இருந்தது, அந்த மொழி பேசும் நிலங்கள் இருந்தன. அவற்றின் மேல் 'புனித ரோமானியப் பேரரசு' என்ற பழைய கூரை ஒன்று இருந்தது. அதன் கீழே நூற்றுக்கணக்கில் சிற்றரசுகள், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள், தனி நகரங்கள். நெப்போலியன் கொடுத்த நெருக்கடியில் 1806 ஆகஸ்ட் 6 அன்று இரண்டாம் பிரான்சிஸ் முடியைத் துறந்தார், கூரை விழுந்தது. 1815ல் வியன்னா மாநாடு அந்த இடத்தில் 'ஜெர்மன் கூட்டமைப்பு' என்ற ஒன்றை வைத்தது. 39 உறுப்பு நாடுகள், பிராங்க்பர்ட்டில் ஒரு பேரவை, தலைமை ஆஸ்திரியாவிடம். பொதுவான அரசாங்கமும் இல்லை, பொதுவான குடியுரிமையும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்லலாம். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கை 'ஜெர்மானியப் பாதிரியார்' என்றுதான் சொல்கிறோம். அவர் பிறந்தது சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ். படித்தது, வடக்கே பெரிய அரசாக இருந்த பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த ஹாலே நகரில். அனுப்பி வைத்தது டென்மார்க் அரசர். 'உங்கள் நாடு எது?' என்று அவரிடம் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்திருக்காது.

1848ல் மக்களே ஒன்றாக்கப் பார்த்தார்களே, அது ஏன் நடக்கவில்லை?

நடக்கப் பார்த்தது. 1848 மே 18 அன்று பிராங்க்பர்ட்டின் பவுல் தேவாலயத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நாடாளுமன்றம் கூடியது. வழக்கறிஞர்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள் நிறைய இருந்தார்கள். 'பேராசிரியர்கள் மன்றம்' என்று கிண்டல் செய்வது வழக்கம். அந்தக் கிண்டல் நியாயமில்லை என்பது என் கட்சி. அடிப்படை உரிமைகளோடு ஒரு முழு அரசமைப்பை 1849 மார்ச்சுக்குள் முடித்துக் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் படை இல்லை, அவ்வளவுதான்.

அந்த அரசமைப்பின்படி பேரரசராக வரும்படி பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியமை அழைக்க ஒரு தூதுக்குழு 1849 ஏப்ரலில் பெர்லின் போனது. தலைவர் எடுவார்ட் சிம்சன் என்ற சட்ட அறிஞர். மன்னர் மறுத்துவிட்டார். மக்கள் பிரதிநிதிகள் நீட்டும் முடியில் புரட்சியின் நாற்றம் அடிக்கிறது என்பது அவர் எண்ணம். முடி என்றால் சக மன்னர்கள் கொடுக்க வேண்டும். சிம்சன் வெறுங்கையோடு திரும்பினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வருவார்.

ரயிலும் சுங்க ஒன்றியமும்தான் ஜெர்மனியை ஒன்றாக்கின என்கிறார்களே?

பாதி சரி. பிரஷ்யா முன்னின்று 1834 ஜனவரி 1 முதல் நடத்திய சோல்வெரைன் என்ற சுங்க ஒன்றியம், உறுப்பு நாடுகளுக்கு இடையே இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்தது. ஆஸ்திரியா அதில் இல்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூரம்பர்க்குக்கும் பியூர்த்துக்கும் இடையே 6 கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் நீராவி ரயில் ஓடியது. பிறகு பாதைகள் கிடுகிடுவென வளர்ந்தன. வியாபாரிகளுக்கு ஒரே சந்தை கிடைத்தது.

ஆனால் ஒரே சந்தை இருந்தால் ஒரே நாடு தானாக வந்துவிடும் என்று சொல்பவர்கள் 1866ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது பவேரியா, சாக்சனி, ஹனோவர், வூர்ட்டம்பர்க் எல்லாம் ஆஸ்திரியா பக்கம் நின்றன. அத்தனையும் சுங்க ஒன்றியத்தில் பிரஷ்யாவின் கூட்டாளிகள்! ரயில் வேறு வகையில் உதவியது: அந்தப் போருக்கு பிரஷ்யா ஐந்து ரயில் பாதைகளில் படையைக் கொண்டுபோய் இறக்கியது.

பிஸ்மார்க் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டாரா?

பின்னாளில் அப்படித் தோன்றும்படி அவரே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். நான் அதை முழுசாக நம்புவதில்லை. அவர் வந்த வாய்ப்பை விடாமல் பிடித்தவர். வாய்ப்பு வராதபோது காத்திருக்கத் தெரிந்தவர்.

1862 செப்டம்பரில் பிரஷ்யாவின் முதலமைச்சர் ஆனார். படைச் செலவுக்குச் சட்டமன்றம் பணம் தர மறுத்த நேரம் அது. அந்த மாதக் கடைசியில் வரவுசெலவுக் குழுவில் பேசும்போதுதான், காலத்தின் பெரிய கேள்விகள் பேச்சாலும் பெரும்பான்மைத் தீர்மானத்தாலும் தீராது, இரும்பாலும் இரத்தத்தாலும்தான் தீரும் என்றார். அவர் சொன்ன வரிசை 'இரும்பும் இரத்தமும்'. ஊர் வாய் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது.

முதல் போர் 1864ல், டென்மார்க்கோடு. ஷ்லெஸ்விக், ஹோல்ஷ்டைன் பகுதிகளுக்காக ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் சேர்ந்தே போரிட்டன. பிடித்த நிலத்தை யார் ஆள்வது என்ற சண்டை 1866ல் இரண்டாம் போருக்கு இழுத்துப் போனது. ஜூலை 3 அன்று கோனிக்ராட்ஸில் ஆஸ்திரியப் படை நொறுங்கியது. பிரஷ்யப் படைவீரனின் ஊசித் துப்பாக்கியில் பின்பக்கமாகக் குண்டு போடலாம். தரையில் படுத்தபடியே சுட்டுக்கொண்டிருக்கலாம். ஆஸ்திரிய வீரன் ஒவ்வொரு முறையும் குழாயின் வாய் வழியாகக் குண்டைத் திணிக்க வேண்டும்.

வென்ற பிறகு மன்னர் வில்லியமும் (1849ல் முடியை மறுத்தவரின் தம்பி) தளபதிகளும் வியன்னாவுக்குள் நுழையத் துடித்தார்கள். பிஸ்மார்க் மல்லுக்கட்டி நிறுத்தினார். ஆஸ்திரியாவின் சொந்த நிலத்தில் ஒரு அடிகூட பிரஷ்யா எடுக்கவில்லை. நாளைக்கு இன்னொரு போர் வந்தால் ஆஸ்திரியா சும்மா இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆஸ்திரியாவோடு நின்ற ஹனோவரிடம் அந்தத் தயவு இல்லை. அந்த அரசையே பிரஷ்யா விழுங்கியது. பார்வையற்ற ஹனோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் சொத்து முடக்கப்பட்டது. அந்தப் பணம் எங்கே போனது என்பது இன்னும் சுவாரசியம்.

ஆஸ்திரியா ஏன் சேரவில்லை? அவர்களும் ஜெர்மன் பேசுபவர்கள்தானே?

வியன்னாவின் ஆட்சியில் ஹங்கேரியர், செக், போலிஷ், குரோவேஷியர், இத்தாலியர் என்று பல இனங்கள் இருந்தன. அத்தனை பேரையும் சேர்த்தால் அது ஜெர்மன் நாடு ஆகாது. ஜெர்மன் பேசும் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுக்க ஹாப்ஸ்பர்க் வம்சம் சம்மதிக்காது. 1848லேயே இந்த முடிச்சு விழுந்தது: ஆஸ்திரியாவோடு சேர்ந்த 'பெரிய ஜெர்மனி'யா, இல்லாத 'சிறிய ஜெர்மனி'யா என்று. கோனிக்ராட்ஸ் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1867ல் மைன் ஆற்றுக்கு வடக்கே 22 நாடுகளைச் சேர்த்து பிரஷ்யா 'வட ஜெர்மன் கூட்டமைப்பை' அமைத்தது. தெற்கே பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன், ஹெஸ்ஸேயின் தென்பாதி ஆகியவை வெளியே நின்றன.

எம்ஸ் தந்தி போலியா?

போலி இல்லை, கத்தரித்தது. 1870ல் காலியாக இருந்த ஸ்பெயின் அரியணைக்கு பிரஷ்ய அரச வம்சமான ஹோகன்சோலர்ன் குடும்பத்தின் ஓர் இளவரசர் பெயர் அடிபட்டது. பிரான்ஸ் கொதித்தது. பெயர் திரும்பப் பெறப்பட்ட பிறகும் விடவில்லை. ஜூலை 13 அன்று எம்ஸ் என்ற ஊற்றுநீர் ஊரில் காலை நடை போய்க்கொண்டிருந்த மன்னர் வில்லியமைப் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி வழிமறித்து, இனி எக்காலத்திலும் இப்படி நடக்காது என்று உறுதி கேட்டார். மன்னர் மரியாதையாக மறுத்தார். நடந்ததை பெர்லினில் இருந்த பிஸ்மார்க்குக்குத் தந்தி அடித்தார்கள்.

அன்று மாலை பிஸ்மார்க்கின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தளபதி மோல்ட்கேயும் போர் அமைச்சர் ரூனும் இருந்தார்கள். சமாதானம் வந்துவிட்டதே என்ற சோகத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லையாம். பிஸ்மார்க் பென்சிலை எடுத்து தந்தியைச் சுருக்கினார். ஒரு சேதியையும் புதிதாகச் சேர்க்கவில்லை. நடுவில் இருந்த இதமான சொற்களை வெட்டியதும், மன்னர் தூதரை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பினார் என்பது மட்டும் மிஞ்சியது. தூதருக்கு மன்னர் தன் 'அட்ஜுடான்ட்' வழியாகச் சொல்லி அனுப்பினார் என்ற வரி வேறு. ஜெர்மனில் அது மன்னரோடு இருக்கும் உயர் அதிகாரி. பிரெஞ்சில் காதால் கேட்டால் ஏதோ கீழ்நிலைப் படையாள். பாரிஸ் பத்திரிகைகள் பொங்கின. 19ஆம் தேதி பிரான்ஸே போர் அறிவித்தது. பிஸ்மார்க்குக்கு வேண்டியதும் அதுதான்: தாக்கியது பிரான்ஸ் என்றால் தென் நாடுகள் தங்கள் ஒப்பந்தப்படி பிரஷ்யா பக்கம் வந்தாக வேண்டும். வந்தன. செப்டம்பர் 2 அன்று செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே பிடிபட்டார்.

பிரஷ்யாவைப் பிடிக்காத பவேரியா எப்படிச் சம்மதித்தது?

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

சக மன்னர்கள் கேட்டால்தான் முடி சூடுவது என்பது பிரஷ்ய வீட்டின் பழைய பிடிவாதம் இல்லையா? அப்படியானால் கேட்க வேண்டியவர் பிரஷ்யாவுக்கு அடுத்த பெரிய அரசின் மன்னர், பவேரியாவின் இரண்டாம் லுட்விக். அவருக்கு வயது 25. இசைநாடகத்திலும் மலை உச்சியில் கோட்டை கட்டுவதிலும்தான் மனசு. கடன் கழுத்து வரை.

பிஸ்மார்க் வெர்சாயில் இருந்தபடியே, லுட்விக் வில்லியமுக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதினார். பவேரிய அரண்மனை அதிகாரி ஹோல்ன்ஷ்டைன் பிரபு அதை எடுத்துக்கொண்டு ஹோஹன்ஷ்வாங்காவ் கோட்டைக்கு ஓடினார். மன்னர் பல்வலியில் படுக்கையில் கிடந்தார். யாரையும் பார்க்க மாட்டேன் என்றார், பிறகு பார்த்தார். நவம்பர் 30 அன்று கடிதத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். சொற்களை இங்கே அங்கே மாற்றினார், சாரம் பிஸ்மார்க்குடையது. டிசம்பரில் அந்தக் கடிதம் வில்லியம் கைக்குப் போனது: 'தாங்கள் பேரரசர் பட்டத்தை ஏற்க வேண்டும்.'

அதன் பிறகு லுட்விக்குக்கு ரகசியமாக ஆண்டுதோறும் பெரும் பணம் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்து? ஹனோவர் மன்னரிடம் முடக்கிய சொத்திலிருந்து. ஒரு மன்னரைக் கவிழ்த்து எடுத்த பணத்தால் இன்னொரு மன்னரின் சம்மதம் வாங்கப்பட்டது.

பணம் மன்னருக்கு. அரசுக்கு வேறு சலுகைகள்: பவேரியாவுக்கு அமைதிக் காலத்தில் தன் படை தன் கையில், தனி அஞ்சல், தனி ரயில்வே. அப்புறம் பீர் மீதான வரி! பேரரசில் சேரும் ஒப்பந்தத்தில் பீர் வரிக்கு இடம் ஒதுக்கியதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பவேரியாவின் கருவூலத்தைத் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்பு விஷயமே இல்லை. இத்தனைக்கும் பிறகு மியூனிக் சட்டமன்றத்தின் கீழவை இந்த ஒப்பந்தத்தை ஏற்றது 1871 ஜனவரி 21 அன்று. பேரரசு அறிவித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஜெர்மன் பேரரசை ஏன் பிரான்ஸ் நாட்டு அரண்மனையில் அறிவித்தார்கள்?

மன்னரும் தளபதிகளும் அங்கேதான் இருந்தார்கள். பாரிஸ் முற்றுகையில் இருந்தது. படைத் தலைமையகம் வெர்சாய். 1871 ஜனவரி 18 என்ற நாளையும் யோசித்துத்தான் எடுத்தார்கள். 1701ல் அதே நாளில்தான் கோனிக்ஸ்பர்க்கில் பிரஷ்யாவின் முதல் மன்னர் முடிசூடினார்.

சட்டப்படி பார்த்தால் பேரரசு ஜனவரி 1 அன்றே அமலுக்கு வந்துவிட்டது. 18ஆம் தேதி நடந்தது விழா. அந்த விழாவும் முதல் நாள் சண்டையோடுதான் நடந்தது. வில்லியம் 'ஜெர்மனியின் பேரரசர்' என்ற பட்டம் கேட்டார். அப்படிச் சொன்னால் மற்ற மன்னர்களின் நிலமும் அவருடையது என்று ஆகிவிடும், ஒப்ப மாட்டார்கள். 'ஜெர்மன் பேரரசர்' என்றுதான் இருக்க வேண்டும் என்றார் பிஸ்மார்க். கிழவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நல்ல பழைய பிரஷ்ய முடியை நாளைக்குப் புதைக்கப் போகிறோம் என்று புலம்பினார். கண்ணாடி மண்டபத்தில் வாழ்த்துச் சொல்லும் பொறுப்பு பாடன் பெருங்கோமகனுக்கு. அவர் இரண்டு பட்டத்தையும் விட்டுவிட்டு 'பேரரசர் வில்லியம் வாழ்க!' என்று முழங்கித் தப்பித்தார். மேடையிலிருந்து இறங்கிய வில்லியம், பிஸ்மார்க்குக்குக் கை கொடுக்காமல் கடந்து போனார்.

லுட்விக் வரவே இல்லை. தம்பி ஓட்டோவை அனுப்பினார். எல்லாம் பகட்டாகவும் செருக்காகவும் குளிர்ந்தும் இருந்தது, உள்ளே வெறுமை என்ற பொருளில் ஓட்டோ அண்ணனுக்கு எழுதினார்.

சரி, மக்கள் பிரதிநிதிகள்? அவர்களும் வெர்சாய் வந்தார்கள், ஒரு மாதம் முன்னால், டிசம்பர் 18 அன்று. வட ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தூதுக்குழு வில்லியமிடம் பட்டத்தை ஏற்கச் சொல்லி வேண்டிக்கொண்டது. தலைவர் அதே எடுவார்ட் சிம்சன். 21 ஆண்டுகளுக்கு முன் அண்ணனிடம் கேட்டு இல்லையென்று திரும்பியவர், இப்போது தம்பியிடம் கேட்டார். இந்த முறை மன்னர்களின் சம்மதம் வரும்வரை இவர்களை மன்னர் காக்க வைத்தார். பிறகுதான் 'சரி' என்றார்.

புத்தகங்களில் வரும் அந்த ஓவியத்தை நம்பலாமா?

ஆண்டன் வான் வெர்னர் வரைந்தது. நடுவில் பிஸ்மார்க் பளிச்சென்ற வெள்ளைச் சீருடையில் நிற்பார். அன்று அவர் போட்டிருந்தது நீலம். வெர்னர் இதே காட்சியைப் பல முறை வரைந்தார்; நாம் பார்ப்பது 1885ல் பிஸ்மார்க்கின் 70ஆம் பிறந்தநாளுக்குப் பரிசாக வரைந்தது. பரிசு யாருக்கோ அவர்தானே படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும்!

25 நாடுகள் சேர்ந்த பேரரசு என்றால் உண்மையில் ஆண்டது யார்? அது ஜனநாயகமா?

4 முடியரசுகள், 6 பெருங்கோமகன் நாடுகள், 5 கோமகன் நாடுகள், 7 சிற்றரசுகள், ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்ற 3 சுதந்திர நகரங்கள். இவற்றோடு பிரான்ஸிடமிருந்து எடுத்த அல்சேஸ்-லொரேன், தனி அந்தஸ்து இல்லாத பொதுச் சொத்தாக. நம்மிடம் சமஸ்தானங்கள் இணைந்தபோது மன்னர்களுக்கு மானியம் கொடுத்து ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் மன்னர்கள் அரியணையில் அப்படியே இருந்தார்கள். ஷாவும்பர்க்-லிப்பேயின் மொத்த மக்கள்தொகை சுமார் 32,000 தான், அதற்கும் ஓர் அரசர். ராய்ஸ் என்ற குடும்பத்துக்கு இரண்டு நாடுகள். அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். அதனால் 1871ல் ஒரு ராய்ஸை 22ஆம் ஹைன்ரிக்கும், இன்னொன்றை 14ஆம் ஹைன்ரிக்கும் ஆண்டார்கள்.

அதிகாரம் எங்கே என்றால் பிரஷ்யாவில். பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மக்களில் ஐந்தில் மூன்று பங்கு அதனுடையது. மாநில அரசுகளின் அவையான புண்டஸ்ராட்டில் 58 வாக்குகள், பிரஷ்யாவுக்கு 17. பெரும்பான்மை இல்லையே என்று தோன்றும். 14 வாக்குகள் எதிர்த்தாலே அரசமைப்பை மாற்ற முடியாது என்ற விதியைச் சேர்த்துப் படித்தால் சூட்சுமம் விளங்கும்.

ரைக்ஸ்டாக் என்ற மக்களவைக்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோரும் ரகசிய வாக்களிக்கலாம். அன்றைய பிரிட்டனில்கூட இவ்வளவு பரந்த வாக்குரிமை கிடையாது. சட்டமும் வரவுசெலவும் அவையின் ஒப்புதல் இல்லாமல் நகராது. ஆனால் அரசாங்கத்தின் தலைவரான சான்சலரை (அப்போது பிஸ்மார்க்) நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர். அவை அவரைக் கவிழ்க்க முடியாது. பிரஷ்யாவின் சட்டமன்றத்துக்கோ, கட்டும் வரியை வைத்து வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறை 1918 வரை நீடித்தது. ஜனநாயகமா என்றால், வாக்குப் பெட்டி உண்மை; அதிலிருந்து அரசாங்கம் வராது.

சாதாரண மக்களுக்கு 'ஒரே நாடு' என்பது எப்போது கண்ணில் பட்டது?

மெல்ல மெல்ல. முதலில் காசில். வடக்கே தாலர், தெற்கே குல்டன் என்று ஓடிக்கொண்டிருந்ததை மாற்றி மார்க் வந்தது. 1876 முதல் எங்கும் அதுவே. ஒரு தாலர் மூன்று மார்க். பழைய தாலர் நாணயங்கள் அந்த மதிப்பில் 1907 வரை கை மாறிக்கொண்டிருந்தன. உச்ச நீதிமன்றம் 1879ல் லைப்சிக்கில் வந்தது. முதல் தலைவர் நம் சிம்சன்தான்.

கடிகாரம் இன்னும் தாமதம். ஒவ்வொரு ஊருக்கும் சூரியனை வைத்துத் தனி நேரம். ரயில்வேக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி பாடன், வூர்ட்டம்பர்க், பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று ஐந்து நேரங்கள். படகைப் பிடிக்கக் கிளம்புபவர் எந்தக் கரையின் மணி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிழட்டுத் தளபதி மோல்ட்கே 1891ல் ரைக்ஸ்டாக்கில் பேசிய கடைசிப் பேச்சே இதைப் பற்றித்தான்: ஒரே நேரம் வேண்டும் என்று. 1893 ஏப்ரல் 1 அன்று வந்தது. பொதுவான உரிமையியல் சட்டம் 1900 ஜனவரி 1 அன்று. பவேரியாவின் தனி அஞ்சல்தலைகள் பேரரசே போன பிறகும் 1920 வரை இருந்தன. வெர்சாய் விழாவை விட இந்தப் பட்டியல்தான் ஒருங்கிணைப்பின் உண்மையான வரலாறு என்பேன்.

பேரரசுக்குள் யாருக்கெல்லாம் இடமில்லை?

எல்லோருக்கும் காகிதத்தில் இடம் உண்டு. நடப்பில், பிஸ்மார்க்குக்கு எப்போதும் ஓர் 'உள்நாட்டு எதிரி' தேவைப்பட்டது. முதலில் கத்தோலிக்கர்கள். இயேசு சபையினரை 1872ல் தடை செய்தார், பாதிரியார் பயிற்சியிலும் நியமனத்திலும் அரசு தலையிட்டது, ஆயர்கள் சிறைக்குப் போனார்கள். கத்தோலிக்கரின் மையக் கட்சி வளர்ந்ததுதான் மிச்சம். அடுத்து சோஷலிஸ்டுகள்: 1878 முதல் 1890 வரை அவர்களுடைய அமைப்புகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தடை. கிழக்கே போலிஷ் மக்களின் மொழியும் நிலமும் நெருக்கடிக்கு உள்ளாயின.

தொழிலாளரைச் சோஷலிஸ்டுகளிடமிருந்து பிரிக்க ஒரு கையில் தடை, மறு கையில் காப்பீடு: 1883ல் நோய்க்கு, 1884ல் வேலை விபத்துக்கு, 1889ல் முதுமைக்கும் உடல் இயலாமைக்கும். முதியோர் ஓய்வூதியம் 70 வயதில்தான் தொடங்கும். அத்தனை வயது வரை வாழ்ந்த தொழிலாளர்கள் அதிகமில்லை. காப்பீட்டை வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகளுக்கே வாக்களித்தார்கள். 1912ல் 397 இடங்களில் 110ஐப் பிடித்து அவர்கள்தான் அவையின் மிகப் பெரிய கட்சி.

ஆப்பிரிக்காவில் என்ன செய்தார்கள்?

1884 முதல் தென்மேற்கு ஆப்பிரிக்கா, டோகோ, கேமரூன், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகியவற்றைப் பிடித்தார்கள். இன்றைய நமீபியாவில் 1904ல் ஹெரேரோ மக்கள் எழுந்தபோது, வாட்டர்பர்க் சண்டைக்குப் பிறகு அவர்களைத் தண்ணீரில்லாத பாலைக்குள் துரத்தினார்கள். எல்லைக்குள் தென்படும் ஹெரேரோ யாராக இருந்தாலும் சுடப்படுவார் என்று அக்டோபரில் தளபதி லோதர் வான் ட்ரோதா ஆணையிட்டார். பிழைத்தவர்களை முகாம்களில் அடைத்தார்கள்; சுறாத் தீவு முகாமில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். நாமா மக்களுக்கும் அதே கதி. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021ல்.

பிஸ்மார்க்கை ஏன் வெளியே அனுப்பினார்கள்?

1888ல் மூன்று பேரரசர்கள். மார்ச் 9 அன்று முதலாம் வில்லியம் காலமானார். மகன் மூன்றாம் பிரெடெரிக் தொண்டைப் புற்றுநோயோடு 99 நாள் ஆண்டார். அடுத்து 29 வயதுப் பேரன் இரண்டாம் வில்லியம். தாத்தா பிஸ்மார்க்கை எதிர்த்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்பார். பேரனுக்குத் தானே ஆள வேண்டும். 1890 மார்ச்சில் முடிந்தது. சான்சலரைத் தாங்குவது பேரரசர் ஒருவரின் விருப்பம் மட்டும்தான் என்ற ஏற்பாட்டை எழுதியவரே பிஸ்மார்க். அதுவே அவரைக் கவிழ்த்தது.

இந்தப் பேரரசுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு?

ஒரு சொல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, பேரரசுக் கடற்படையின் எம்டன் கப்பல் சென்னைக் கடலோரம் வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். கப்பலின் தலைவர் கார்ல் வான் முல்லர். நவம்பர் 9 அன்று கொகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை முடித்தது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. கண்டிப்பான அப்பாவையும், எமகாதக ஆளையும் 'சரியான எம்டன்' என்கிறோம். எம்ஸ் ஆற்றின் கரையில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர் அது.

பேரரசு எப்படி முடிந்தது?

முதல் உலகப் போரில் தோற்று, பசியில் நொந்து. 1918 நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். 7ஆம் தேதியே மியூனிக்கில் பவேரிய மன்னர் ஓடினார். 9ஆம் தேதி சான்சலர், வில்லியம் முடி துறந்துவிட்டார் என்று அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் அறிவித்தார்; அன்றே குடியரசு முழங்கியது. மறுநாள் வில்லியம் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார், டோர்ன் ஊரில் மரம் வெட்டிக்கொண்டு 1941 வரை இருந்தார். அந்த நவம்பருக்குள் 22 முடியாட்சிகளும் காலி. எந்த மன்னருக்காகவும் பெரிய சண்டை நடக்கவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்திட்டது 1919 ஜூன் 28 அன்று, அதே வெர்சாய், அதே கண்ணாடி மண்டபம். பிரான்ஸ் இடத்தை மறக்கவில்லை.

இந்தப் பேரரசைத்தான் 'இரண்டாம் ரைக்' (ரைக் என்றால் பேரரசு, நாடு) என்கிறார்களா?

அங்கே வாழ்ந்த யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த எண்ணிக்கை பேரரசு போன பிறகு, மூன்றாவது ஒன்று வர வேண்டும் என்று ஏங்கியவர்கள் பரப்பியது. 1919ன் வைமார் அரசமைப்பின் முதல் பிரிவே 'ஜெர்மன் ரைக் ஒரு குடியரசு' என்கிறது. ரைக் என்ற பெயர் தொடர்ந்தது, பேரரசர்தான் இல்லை. ஹிட்லர் ஆட்சியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு அதில் என்ன மிச்சம்?

மருத்துவக் காப்பீடு, 1900ன் உரிமையியல் சட்டம் (நிறையத் திருத்தங்களோடு), 1894ல் கட்டி முடித்த ரைக்ஸ்டாக் கட்டடம். அதன் முகப்பில் 'ஜெர்மன் மக்களுக்கு' என்ற எழுத்துகள் 1916ல்தான் ஏறின. நெப்போலியன் காலப் போர்களில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த இரண்டு பீரங்கிகளை உருக்கி வார்த்த எழுத்துகள். பிரஷ்யா இல்லை, 1947ல் நேச நாடுகள் அதைச் சட்டப்படி கலைத்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. பேரரசின் போர்க்கப்பல்களுக்குப் பணம் வேண்டுமென்று 1902ல் நுரைக்கும் ஒயினுக்கு ஒரு வரி போட்டார்கள். அந்தக் கடற்படை 1919ல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ப்ளோ வளைகுடாவில் தன்னைத்தானே மூழ்கடித்துக்கொண்டது. வரியை 1933ல் எடுத்தார்கள், 1939ல் திரும்பப் போட்டார்கள். இன்றும் பெர்லினில் புத்தாண்டு இரவில் புட்டி திறப்பவர் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.